அரை மைல் நீச்சல்

மெட்ராஸ்
5.3.1974

அன்புள்ள கனகராஜுக்கு,

செல்லப்பன் எழுதுவது. நான் நலம். நீ பி.யு.சி.யைப் பாதியில் விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பதாக அப்பா யாரிடமோ எழுதச் சொல்லி அனுப்பியிருந்தார். அதைப் பற்றி இப்போது கேட்கவில்லை. எனக்கு வேறு கவலை.

கிளப் நீச்சல் குளத்தில் துண்டு கொடுக்கும் வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இதுவரைக்கும் எங்கள் ஏழு பேருக்கும் குளத்தைச் சுற்றித்தான் வேலை, உள்ளே இல்லை. போன வாரம் ஒரு மெம்பருடைய பையன் ஆழப் பக்கம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டான். பிழைத்துக்கொண்டான். அதிலிருந்து புது உத்தரவு. குளம் இருபத்தைந்து கஜ நீளம். நடுவில் நிற்காமல், சுவரைப் பிடித்து மூச்சு வாங்காமல், பதினாறு தடவை நீந்திக் காட்ட வேண்டும். ஜூன் பதினேழாம் தேதி பரீட்சை. முடிந்தவன் வேலையில் இருப்பான். முடியாதவன் ஊருக்குப் போவான்.

உனக்கென்னடா என்று கேட்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். சேரும்போது விண்ணப்பப் பாரத்தில் நீச்சல் தெரியுமா என்று கேட்டிருந்த இடத்தில் "தெரியும், அரை மைல்" என்று எழுதிக்கொடுத்தேன். பொய்யில்லை. பங்காரு வாய்க்காலில் மதகில் குதித்தால் ஏரி முகத்தில்தான் ஏறுவேன். உனக்கே தெரியும்.

திங்கட்கிழமை குளத்துக்கு விடுமுறை. கழுவுவதற்கு முன்னால் அரை மணி நேரம் எங்களை இறங்க விட்டார்கள். குதித்தேன். பத்து கஜம் போவதற்குள் கால் கீழே இறங்கிவிட்டது. கையை அடித்தேன், அடித்தேன், இருந்த இடத்திலேயே இருந்தேன். ஆரோக்கியம் என்று கூட வேலை செய்பவன் கையைப் பிடித்து இழுத்துப் போட்டான்.

குளத்தில் தண்ணீர் நிற்கிறது, கனகு. வாய்க்காலில் ஓடுகிறது. அரை மைல் போனது தண்ணீர். நான் அதன்மேல் கிடந்திருக்கிறேன். இருபது வயதில் இது தெரிந்தது.

இங்கே கோச் இருக்கிறார், மெம்பர் பிள்ளைகளுக்கு மட்டும். தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பெரியவங்களுக்கு எடுக்கிறதில்லப்பா, உடம்பு வளையாது" என்றார். வெளியே பொதுமக்களுக்கு ஒரு குளம் இருக்கிறது. அங்கே கற்றுக்கொடுக்கிற நேரத்தில் நான் இங்கே துண்டு மடித்துக்கொண்டிருப்பேன்.

வேலை போனால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். அப்பா இருபத்தெட்டு வருடமாக உங்கள் கழனியில் நிற்கிறார். நான் பதினொன்றாவது பாஸ் செய்ததே அந்த வரப்பில் நிற்கக்கூடாது என்றுதான். மே மாதம் பத்து நாள் லீவு கிடைக்கும். ஊரிலேயே நன்றாக நீந்துகிறவன் நீ. கற்றுக்கொடுப்பாயா?

உன்,
செல்லப்பன்

*

பாகூர்
9.3.74

டேய் அரை மைலு,

கடுதாசிய கல்லாவுல குந்திக்கினு படிச்சேன். நான் சிரிச்ச சிரிப்புல எங்கப்பா புண்ணாக்கு நிறுக்கிறத வுட்டுட்டு நிமுந்து பாத்தாரு.

"இன்னாடா இளிப்பு?"

"செல்லப்பன் மெட்ராசுல முழுவிட்டான்."

"எந்தச் செல்லப்பன்?"

"நம்ம சுப்புராயன் மவன்."

"ஓ"ன்னுட்டு திரும்ப தராசுக்குப் பூட்டாரு. பெரிய மனுசன், எங்கப்பா பக்கிரிசாமிக்கு மெட்ராசுல எவன் முழுவினா இன்னா, பருத்திக்கொட்ட வெல எறங்காம இருந்தா போதும். காலேஜிய வுட்டதுலேந்து என்ன யூரியா மூட்டையோட மூட்டையா வச்சிருக்காரு. மூட்டையாவது வித்துப் போவுது.

சரி, நீச்சலுக்கு வா. மொதல்ல தலைய தூக்கி வையி. மூஞ்சிக்குத் தண்ணி வரவே கூடாது. எடது கைய நல்லா நீட்டி வாரி இழு, வலது கை சும்மா தொணைக்கு வரட்டும். கால தவக்க மாதிரி ஒத. நான் எங்க கெணத்துல நிக்காம நாப்பது சுத்து வருவேன், இப்பிடித்தான். முதுவுல காலி மண்ணெண்ண டின்ன கட்டிக்க, முழுவ மாட்ட. எவனாவது சிரிச்சா அவன் வாயில அந்த டின்ன சொருவு.

மே மாசம் வா. எங்க கெணறுதான் கீதே, கரிக்கலாம்பாக்கம் ரோட்டுல. எட்டாள் ஒசரம் தண்ணி. பத்து நாள்ல உன்ன மீனா ஆக்கி அனுப்பல, எம்பேரு கனகராஜ் இல்ல.

கனகு

*

மெட்ராஸ்
26.3.1974

அன்புள்ள கனகு,

உன் பாடத்தை எடுத்துக்கொண்டு இரண்டு திங்கட்கிழமை இறங்கியாயிற்று. டின்னைக் கட்ட விடவில்லை. டைல்ஸ் உடையுமாம். நீ சொன்னபடி தலையைத் தூக்கி, இடது கையை நீட்டி வாரினேன். நேராகப் போகவில்லை. வலது பக்கமாக வளைந்து வளைந்து, புறப்பட்ட சுவருக்கே வந்து தலையை முட்டிக்கொண்டேன். ஆரோக்கியம் கரையில் உட்கார்ந்து, "இன்னா பிரதர், குளத்தை வலம் வர்றியா?" என்று கத்துகிறான்.

அப்புறம்தான் புரிந்தது. நீ கற்றது வட்டக் கிணறு. சுற்றித்தான் வர முடியும். உன் நீச்சலுக்கு நேர்க்கோடே கிடையாது. நான் வாய்க்காலில் கற்றவன், எனக்கு நேராகப் போகத் தெரியும், தானாகப் போகத் தெரியாது. நம் இரண்டு பேரையும் சேர்த்தால்தான் ஒரு ஆள்.

கோச் சொல்வதைத் தினமும் கேட்கிறேன். தலையைத் தூக்கவே கூடாதாம். மூஞ்சியைத் தண்ணீரில் வைத்து உள்ளேயே மூச்சை விட வேண்டுமாம், வாயை மட்டும் திருப்பி வெளியே இழுக்க வேண்டுமாம். ஆறு வயதுப் பெண் குழந்தை அதைச் செய்துகொண்டு போகிறது. நான் துண்டோடு அவள் வரும் வரைக்கும் நிற்கிறேன். பார்த்துப் பார்த்து நீச்சல் முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டது. ராத்திரி பெஞ்சியில் குப்புறப் படுத்துக் கையை வீசுகிறேன். காற்றில் நாற்பது தடவை போகிறேன். தண்ணீரில் இரண்டு.

வாரத்துக்கு அரை மணி போதாது. தினமும் தண்ணீரில் கிடந்தால்தான் மூச்சு பழகும். அதற்காகத்தான் ஊருக்கு வர நினைக்கிறேன். ஆனால் ஒன்று. உங்கள் கிணற்றில் நான் இறங்கலாமா என்று உன் அப்பாவிடம் கேட்டுவிட்டு எழுது. தயவுசெய்து கேட்டுவிட்டு எழுது.

செல்லப்பன்

*

பாகூர்
2.4.74

டேய்,

இன்னாடா இது, கவர்மெண்டுக்கு மனு போடுற மாதிரி? இறங்கலாமா, தயவுசெய்து. எந்த காலத்துல கீற நீ? நம்ம பசங்க எல்லாம் வந்து குதிச்ச கெணறுதான? நீயும் எத்தினி தபா வந்திருக்க. அதெல்லாம் கேக்கத் தேவையில்ல. நான் சொல்றேன், வா. கெணத்துக்கு நானும் ஒரு வாரிசு.

மே அஞ்சாந் தேதி கெளம்பி வா. தண்ணி கொறஞ்சிருக்கு, ஆனா மூணாள் ஒசரம் நிக்குது, போதும். நேராப் போறதுக்கு இந்தச் சுவத்துலேந்து அந்தச் சுவத்துக்குக் கவுறு கட்டி வுடுறேன். பன்னெண்டு கஜம் வரும். அத புடிச்சிக்கினு பழவு.

கனகு

*

பாகூர்
13.5.74

செல்லப்பா,

நீ சொல்லாம கொள்ளாம பஸ் ஏறிட்டன்னு கழனி வேலைக்கு வர்ற காசம்மா சொல்லிச்சி. கரிக்கலாம்பாக்கம் வரைக்கும் சைக்கிள்ல தொரத்திக்கினு வந்தேன். பஸ் பூடுச்சி.

மூணு நாள் நல்லாத்தான போச்சி? மூணாம் நாளு நீ கவுத்த தொடாமலே போயி வந்து, போயி வந்து, பன்னெண்டு தபா. எனக்கு எண்ண வாய் வலிச்சிது. மூஞ்சிய உள்ள வச்சிக்கினு புஸ்ஸு புஸ்ஸுன்னு நீ வந்தப்ப, நான் படியில நின்னுக்கினு ஊளை வுட்டேன். என் நீச்ச நீச்சலே இல்லன்னு அப்பத்தான் தெரிஞ்சிது.

நாலாம் நாளு எங்கப்பா வந்தாரு. யாரு சொன்னாங்களோ. மேல நின்னு குனிஞ்சி பாத்தாரு. கத்தல. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், எனக்குக் கத்தத் தெரியும். மெதுவாத்தான் கேட்டாரு, "இவன யாரு எறக்கினது?"ன்னு.

நீ ஈரமா படியில நின்ன. என்னப் பாத்த. நான் என் கால பாத்துக்கினு நின்னேன்.

எவ்ளோ நேரம்டா அது? ஒரு நிமிசம் இருக்குமா? கடைக்கு வர்றவன், போறவன், சார்பதிவாளர் ஆபீசு பியூன், எவனா இருந்தாலும் பட்டுனு பேசுற வாயி. அன்னைக்கி தொறக்கல. நீயே சொன்ன, "நான்தாங்க எறங்கிட்டேன்"னு. அது பொய்யின்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், எங்கப்பாவுக்கும் தெரியும்.

அப்பால நடந்தது உனக்குத் தெரியுமோ இன்னாமோ. நீ சட்டைய எடுத்துக்கினு போனதும் எஞ்சின போடச் சொன்னாரு. கெணத்த எறச்சி வுடணுமாம். எறைக்கச் சொன்னது உங்கப்பாகிட்ட. சுப்புராயந்தான் டீசல் ஊத்தி, கைப்பிடிய சுத்தி, எஞ்சின கெளப்புனாரு. ரெண்டு நாளு. தரிசுலயும் ரோட்டுலயும் தண்ணி ஓடுது, மே மாசத்துல. ரோட்டுல போறவன் எல்லாம் நின்னு பாக்குறான், "இன்னாப்பா, தண்ணிய இப்படி வுடுறீங்க?"ன்னு. உங்கப்பா குனிஞ்சி டீசல் ஊத்திக்கினே இருந்தாரு.

நான் வேற எடம் தேடறேன்டா. பாகூர் ஏரி முழங்காலு, சேறுதான் கீது. தவளக்குப்பத்தாண்ட ஆத்துல உப்புத் தண்ணி, இடுப்பளவு. டவுனுக்குப் போயி பெரியவங்களுக்கு நீச்சல் சொல்லித் தர்றவன் எவனாவது கீறானான்னு கேட்டேன். ஒருத்தன் சிரிக்கிறான், இருபது வயசுல எவன்டா கத்துக்குவான்னு. கடல்ல எறங்கலாமான்னு மீன் புடிக்கிற ஆளுகிட்ட கேட்டேன். "அலையில மல்லுக்கட்டத்தான் முடியும் தம்பி, மூச்சு பழவ முடியாது"ன்னான்.

எழுதுடா. திட்டியாவது எழுது.

கனகு

*

மெட்ராஸ்
20.5.1974

கனகராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இடம் தேட வேண்டாம்.

நான் உங்கள் கிணற்றுக்கு எத்தனையோ தடவை வந்ததாக எழுதியிருந்தீர்கள். உண்மைதான், வந்திருக்கிறேன். ஆறாவது படிக்கும்போதிலிருந்து வந்தேன். நீங்கள் எல்லாரும் குதிப்பீர்கள். நான் மேலே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து உங்கள் சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாளும் இறங்கியதில்லை. எனக்குத் தண்ணீர் பயம் என்று நீங்களே ஒரு பெயர் வைத்தீர்கள். நானும் ஆமாம் என்றேன். அது சுலபமாக இருந்தது.

வாய்க்காலில் நான் நீந்தியது ஏன் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். ஓடுகிற தண்ணீரை யாரும் இறைத்துவிட முடியாது.

மார்ச்சில் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கேட்டுவிட்டு எழுதுங்கள் என்று. உங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. உங்கள் அப்பா வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன். என் அப்பா அந்த எஞ்சினைச் சுற்றியிருக்க மாட்டார்.

அவர் ராத்திரி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னது ஒரே வார்த்தை. "நாந்தான் சுத்துனேன்" என்றாராம்.

பரீட்சைக்கு இன்னும் நான்கு திங்கட்கிழமை இருக்கிறது. பாடம் எழுதி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
சு. செல்லப்பன்

*

பாகூர்
27.5.74

டேய் செல்லப்பா,

நீங்க, உங்கன்னு எழுதாதடா. செருப்பால அடி, வாங்கிக்கிறேன்.

ஆமா, சட்டை. படிச்சதும் கடைய வுட்டுட்டு எழுந்து பின்னால கோணி அடுக்குற எடத்துல போயி நின்னேன். அஞ்சு வருசம் நீ அந்த மரத்தடியில குந்தியிருந்தத பாத்திருக்கேன். பாத்துக்கினேதான் குதிச்சிருக்கேன். எனக்குத் தோணலடா. தோணாததுக்கு நான் இன்னா பேர் வைக்கிறது?

நேத்து எங்கப்பாகிட்ட கேட்டேன். சோறு துண்ணுக்கினு இருந்தாரு. "நாந்தான் எறக்கினேன். கெணறு அழுக்காயிடுச்சின்னா என்னையும் எறச்சி வுடு"ன்னு கத்தினேன். எங்கம்மா கோகிலாம்பாள் கதவ சாத்துது, தெருவுல கேக்குதுன்னு. அவுரு கடைசி உருண்டைய துண்ணு முடிச்சி, கைய கழுவிக்கினு வந்து சொன்னாரு:

"சுப்புராயன் வூட்டுல நாலு வயிறு கீது. நீ பேசு. இன்னும் பேசு. நீ ஒரு வார்த்த பேசுனா அவனுக்கு ஒரு நாளு வேல கெடையாது. எத்தினி வார்த்த பேசுற, எண்ணிக்கினே பேசு."

வாய மூடிக்கினேன். அன்னிக்கி பேச வேண்டிய எடத்துல பேசல. இன்னிக்கி பேசுனா உங்கப்பா தலையில வுழுது. எப்பிடி மாட்டியிருக்கேன் பாரு.

உங்கப்பாவ போயி பாத்தேன், காலனி முனையில. மன்னிச்சிக்கங்கன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அவுரு சுத்தும் முத்தும் பாத்துட்டு, "தம்பி, நீ இங்க வந்து நிக்கிறதே எனக்கு வம்பு. வூட்டுக்குப் போ கண்ணு"ன்னாரு. கோவமா சொல்லியிருந்தாகூட நல்லா இருந்திருக்கும்.

மெட்ராசுக்கு வர்றேன்டா. கிளப்பாண்ட வெளிய நிக்கிறேன். திங்கக்கெழம நீ நீந்துறப்ப சுவருக்கு அந்தாண்ட நின்னு எண்ணிக்கினாவது இருக்கேன். வரட்டுமா?

ஒரு வரி போடு.

கனகு

*

மெட்ராஸ்
18.6.1974

கனகராஜ் அவர்களுக்கு,

வர வேண்டாம் என்று எழுத நினைத்தேன். எழுதாமல் இருந்தாலே வர மாட்டீர்கள் என்று தெரியும், அதனால் விட்டுவிட்டேன்.

நேற்று பரீட்சை முடிந்தது. ஏழு பேரில் ஐந்து பேர் தேறினார்கள். ஆரோக்கியம் தேறிவிட்டான். அவன் கடற்கரைக் குப்பத்துக்காரன், சிரித்துக்கொண்டே முடித்தான்.

நான் பதின்மூன்று போனேன்.

ஒன்பது வரைக்கும் கோச் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். "யார்ப்பா இவனுக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டாராம். யாரும் இல்லை என்று ஆரோக்கியம் சொன்னானாம். கை, கால், மூச்சு எல்லாம் சரியாக இருந்தது. பத்தில் தோள் கனத்தது. பதினொன்றில் மூச்சு உள்ளே போகவில்லை. பதினான்காவதில் பாதி தூரம் வந்து நின்றேன். அந்த இடத்தில் ஆழம் என் நெஞ்சளவுதான். கால் ஊன்றிவிட்டேன். ஊன்றினால் முடிந்தது.

வித்தை வந்துவிட்டது, தம் வரவில்லை என்றார் மேனேஜர். இன்னும் ஒரு வாரம் தினமும் தண்ணீரில் கிடந்திருந்தால் வந்திருக்கும் என்று கோச் சொன்னார். நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். எந்த வாரம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

இந்த மாதச் சம்பளத்தோடு கணக்கு முடிக்கிறார்கள். வேறு இடங்களில் கேட்டுப் பார்க்கிறேன். ஒரு மாதம் பார்ப்பேன். அதற்கு மேல் இங்கே தங்க வழியில்லை.

இதை உங்களுக்கு எழுதியதற்குக் காரணம், பதின்மூன்று என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு வேறு யாரும் இல்லை.

சு. செல்லப்பன்

*

பாகூர்
14.8.74

செல்லப்பா,

தபாலாபீசுல குந்தி மொதல்ல கவருல விலாசம் எழுதுனப்ப போஸ்ட்மாஸ்டர் அதப் பாத்துட்டு, "இன்னா கனகராஜ், பாகூர்லேந்து பாகூருக்கா? நடந்தா கால் மணி நேரம்"ன்னு சிரிச்சாரு. நடந்தா கால் மணி நேரந்தான். நடந்து பாத்துட்டேன்.

நீ வந்து மூணு வாரம் ஆவுது. எங்க கழனியில நிக்கிற. மொத நாளு நான் வரப்பாண்ட வந்தேன். நீ நாத்தங்காலுக்கு வரப்பு அண்ட கட்டிக்கினு இருந்த. "டேய்"னு கூப்டேன். மம்புட்டிய வுட்டுட்டு, தோள்ல இருந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கினு, "இன்னா வேணும் சின்ன மொதலாளி?"ன்னு கேட்ட. சத்தமாக் கூட இல்ல. உங்கப்பா பக்கத்துல குனிஞ்சிக்கினு நிமிரவே இல்ல. அப்பிடியே திரும்பி வந்தேன்.

எங்கப்பாவுக்கு ரொம்ப சந்தோசம். "பையன் நல்லா வேல செய்யிறான், தோளு கீது"ன்னு விசாலாட்சி அத்தைகிட்ட சொல்றாரு. நான் கேட்டுக்கினு சோறு துண்றேன். எழுந்து போவல. போனா சொல்லணும், சொன்னா எண்ணுவாரு.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு கடலூருக்குப் போனேன். நெஞ்சளவு பத்தலன்னு வெளிய தள்ளிட்டாங்க. எங்கியாவது ஓடிடலாம்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு தபா போயிட்டுத் திரும்பிட்டேன். நான் ஓடிட்டா அதுவும் உங்கப்பா தலையிலதான் வுழும்னு பயமா இருக்கு. இல்ல, பயத்துக்கு அத ஒரு சாக்கா வச்சிருக்கேனோ இன்னாமோ. எனக்கே தெரியல.

கெணத்துப் பக்கம் நான் போறதில்ல. நீந்துறதையும் வுட்டுட்டேன். அதனால உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லன்னு தெரியும்.

நான் இன்னாடா செய்யணும்? எதுனா ஒண்ணு சொல்லு. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. செய்யிறேன்.

கனகு

*

பாகூர்
20.8.1974

கனகராஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

நாற்றங்காலுக்கு யூரியா ஒரு மூட்டை குறைகிறது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு என் அப்பா உங்கள் கடைக்கு வருவார். எப்போதும் கூட்டம் போகும் வரைக்கும் அவர் தெருவில் சாக்கடை ஓரமாக நிற்பார். பத்து, பதினொன்று கூட ஆகும்.

வந்தவுடனே அவரைக் கூப்பிட்டுக் கொடுத்து அனுப்பவும்.

சு. செல்லப்பன்